உலோகம் இல்லாத உலகில் ரத்தம் எடுக்க எது தேவலை: முள், கல், கொம்பு, அட்டை

ஊசி இல்லை, சிரிஞ்ச் இல்லை. இரும்பும் செம்பும்கூட இன்னும் மனிதர் கைக்கு வரவில்லை. சுற்றிலும் இருப்பவை கல், எலும்பு, முள், மூங்கில், மாட்டுக் கொம்பு, சுரைக்குடுக்கை, இறகு, குளத்து அட்டை. இவற்றில் ஏதோ ஒன்றை வைத்து ஒருவரின் உடம்பிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அவர் எழுந்து நடக்க வேண்டும், பத்து நாள் கழித்தும் நலமாக இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?

கற்காலத்தைப் பின்னணியாக வைத்துக் கதை எழுதுபவர்களுக்கும், பழைய கருவிகளைப் பற்றி யோசிப்பவர்களுக்கும், மருத்துவ வரலாறு படிப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். வழக்கமாக எழுதப்படும் காட்சி எல்லோருக்கும் தெரியும். வைத்தியர் கூரான கல் ஒன்றை எடுப்பார், முழங்கை மடிப்பில் ஒரு கீறு கீறுவார், ரத்தம் சட்டியில் வடியும், இலை வைத்துக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார். இருக்கிற வழிகளிலேயே மோசமான வழி அதுதான். அதைவிட நல்ல வழிகளை உலகத்தின் பல மூலைகளில் மனிதர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

தொடங்கும் முன் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இது கையாண்டு பார்ப்பதற்கான குறிப்பு அல்ல. கிருமி நீக்கிய ஊசி கிடைக்கும் காலத்தில் முள்ளையோ கல்லையோ தன் உடம்பிலும் பிறர் உடம்பிலும் பயன்படுத்த எந்தக் காரணமும் இல்லை. இங்கே "பாதுகாப்பானது" என்று நான் சொல்வதெல்லாம் மற்றொன்றைவிடத் தீங்கு குறைந்தது என்ற அளவில்தான்.

முதலில் எவ்வளவு என்று கேட்க வேண்டும்

கருவியைப் பற்றிப் பேசும் முன் அளவைத் தீர்மானிக்க வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கும். ரத்த தானத்தில் 350 அல்லது 450 மில்லி எடுக்கிறார்கள். மொத்த ரத்தத்தில் 15 சதவீதம் வரை போனால் நல்ல உடம்பு பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். 30 சதவீதத்தைத் தாண்டினால் ரத்த அழுத்தம் சரியத் தொடங்கும். 40-ஐத் தாண்டினால், வெளியிலிருந்து ரத்தம் ஏற்ற வழியில்லாத உலகில் பிழைப்பது கடினம்.

இந்த எல்லைக்குள் மூன்று விதத் தேவைகள் இருக்கின்றன. சடங்குக்கோ உறுதிமொழிக்கோ சில துளிகள் போதும். ஓரிடத்தில் ரத்தம் தேங்கி வீங்கியிருந்தால் சில பத்து மில்லி. மூன்றாவது, கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை. இந்த மூன்றாவது தேவைக்கு மருத்துவக் காரணம் அரிதுதான், ஆனால் நிஜமாகவே உண்டு. ஹீமோகுரோமடோசிஸ் என்ற பரம்பரை நோயில் உடம்பு இரும்புச்சத்தை அளவுக்கு மீறிச் சேர்த்துவைக்கும். பாலிசைதீமியா வேரா என்ற நோயில் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் தடித்துப்போகும். இரண்டுக்கும் இன்றைக்கும் ரத்தம் எடுப்பது முக்கியமான சிகிச்சை. அரை லிட்டர் ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது.

மற்றபடி காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் தலைவலிக்கும் ரத்தம் எடுத்ததெல்லாம் வீண். பாரிஸ் மருத்துவர் பியர் லூயி நோயாளிகளை எண்ணிக் கணக்குப் பார்த்து, ரத்தம் எடுப்பதால் எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை என்று 1835-இல் எழுதினார். அதற்கு முன்பே அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் அதற்குப் பலியாகியிருந்தார் என்றே சொல்லலாம். 1799 டிசம்பரில் தொண்டை வீங்கிப் படுத்தவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கும் மேல் எடுத்தார்கள். நல்ல எஃகுக் கத்தி, தேர்ந்த மருத்துவர்கள், நாட்டின் பெரிய மனிதர் என்று எல்லாம் இருந்தும், போதும் என்று நிறுத்தும் எல்லை அங்கே இல்லை.

ஒவ்வொரு கருவியையும் நான் மூன்று கேள்விகளால் அளக்கிறேன். எவ்வளவு ஆழம் போகும்? தானாக நிற்குமா? உள்ளே என்ன அழுக்கைக் கொண்டுபோகும்? கூர்மையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. கூர்மை வலியைக் குறைக்கும், உயிரைக் காப்பாற்றாது.

முள்

சில துளிகள்தான் வேண்டும் என்றால் முள்ளே போதும். நுனி மெல்லியது, துளை சிறியது, சற்று அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். மெசோஅமெரிக்காவில், அதாவது இன்றைய மெக்சிகோவும் அதை ஒட்டிய நாடுகளும் இருக்கும் பகுதியில், ஆகாவே என்ற கற்றாழை வகையின் முள்ளைச் சடங்குக்கு ரத்தம் சிந்தப் பயன்படுத்தினார்கள். திருக்கை மீனின் வால் முள்ளும் அவர்களிடம் இருந்தது. யாஷ்சிலான் நகரின் மாயா அரசி கபால் ஷோக், முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கின் வழியே இழுக்கும் சிற்பம் ஒன்று இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது காட்டும் சடங்கு நடந்தது கி.பி. 709-இல். அந்தச் சிற்பத்தை வைத்து முள்ளை மென்மையான கருவி என்று யாரும் நினைக்கமாட்டார்கள். அங்கே வலியும் சடங்கின் ஒரு பகுதி.

நம் தேவை வலி இல்லை என்பதால் திருக்கை முள்ளை ஒதுக்கிவிடலாம். அதன் இரு ஓரங்களிலும் பின்னோக்கி வளைந்த பற்கள் இருக்கும், போன வழியே திரும்பும்போது சதையைக் கிழிக்கும். புதிதாக எடுத்த முள்ளில் நஞ்சுத் திசுவும் ஒட்டியிருக்கும். வட அமெரிக்க முள்ளம்பன்றியின் முள்ளும் இப்படித்தான், நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு.

மரமுள்ளின் சிக்கல் வேறு. நுனி உள்ளேயே முறியும். முறிந்த துண்டு மூட்டருகே தங்கினால் மாதக்கணக்கில் வீக்கம் நீடிக்கும். செடிகளின் மேல் வாழும் பாக்டீரியாவும் பூஞ்சையும் முள்ளோடு உள்ளே போகும். ரோஜா முள் குத்தி வரும் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சை நோய் தோட்ட வேலை செய்பவர்களிடம் பலகாலமாக அறியப்பட்டது. ஆகவே முள் என்றால் பட்டுப்போகாத, உறுதியான முள். கொதிக்கவைத்து எடுத்தது. ஒருவருக்கு ஒன்று, பிறகு நெருப்பில் போட்டுவிட வேண்டும். துளிகளுக்கு மேல் வேண்டும் என்றால் முள்ளால் ஆகாது. அதில் துவாரம் இல்லை. எத்தனை முறை குத்தினாலும் கசிவுதான் வரும், ஒவ்வொரு குத்தும் தொற்றுக்கு ஒரு புதிய வாசல்.

கல்லும் மூங்கிலும்

எரிமலைக் கண்ணாடியைப் பற்றி எழுதும்போது எனக்கே உற்சாகம் வந்துவிடுகிறது. ஆப்சிடியன் என்று பெயர். எரிமலைக் குழம்பு படிகமாகாமல் வேகமாக உறைந்து கிடைக்கும் இயற்கைக் கண்ணாடி. சரியான கோணத்தில் தட்டினால் சங்கின் உட்புறம்போல வளைந்து பிளக்கும். அந்தப் பிளவின் ஓரம் சில நானோமீட்டர் அளவுக்கு மெல்லியது. நுண்ணோக்கியில் பார்த்தால் எஃகுக் கத்தியின் விளிம்பு பல்பல்லாகத் தெரியும், இது வழுவழுவென்று இருக்கும். கல் தட்டும் கலையை மீட்டெடுத்தவர்களில் ஒருவரான டான் கிராப்ட்ரீ, 1970-களில் தனக்கு நடந்த அறுவை சிகிச்சையில் தானே தட்டிய ஆப்சிடியன் தகடுகளைப் பயன்படுத்தச் செய்தார். 1993-இல் எலிகளில் எஃகையும் ஆப்சிடியனையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வெளிவந்தது. முதல் வாரத்தில் ஆப்சிடியன் வெட்டின் தழும்பு குறுகலாக இருந்தது, அழற்சியும் குறைவு. மூன்று வாரம் கழிந்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது.

இன்னொரு நன்மை அதிகம் பேசப்படுவதில்லை. அப்போதுதான் தட்டியெடுத்த தகட்டின் விளிம்பு, அதுவரை கல்லுக்குள் மூடிக் கிடந்த பரப்பு. எந்தக் கையும் மண்ணும் அதைத் தொட்டதில்லை. கிருமி என்றால் என்னவென்றே தெரியாத ஒரு சமூகத்துக்கு அதைவிடச் சுத்தமான விளிம்பு கிடைக்காது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதுத் தகடு என்று ஒரு வழக்கம் இருந்தால், காரணம் தெரியாமலே பெரிய ஆபத்தைத் தவிர்த்திருப்பார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆழமாகப் போகும் வேலைக்கு ஆப்சிடியன் வேண்டாம் என்கிறேன். அது நேராக வெட்டும், பக்கவாட்டு அழுத்தம் தாங்காது. கை சற்றுத் திரும்பினாலும், நோயாளி துள்ளினாலும் விளிம்பு சிதறும். சிதறிய கண்ணாடித் துணுக்கை வெட்டுக்குள் தேடி எடுப்பது நடக்காத காரியம். இன்னொன்றும் உண்டு. விளிம்பு அவ்வளவு கூர்மையாக இருந்தால் கைக்கு எதிர்ப்பே தெரியாது, எவ்வளவு உள்ளே போனோம் என்பதும் தெரியாது. தோலின் மேற்புறத்தை மட்டும் கீற ஆப்சிடியன் அருமையான கருவி. அதற்குக் கீழே போக ஆபத்தான கருவி. சக்கிமுக்கிக் கல்லுக்கும் இதே தீர்ப்புதான், கூர்மை சற்றுக் குறைவு என்பதைத் தவிர.

மூங்கில் பட்டையை ஏன் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். பழங்கால இந்திய அறுவை மருத்துவர் சுஸ்ருதரின் மருத்துவ நூல், இரும்புக் கருவிகளுக்குப் பதிலாகக் கொள்ளத்தக்க துணைக் கருவிகளை ஒரு பட்டியலாகத் தருகிறது. மூங்கில் பட்டை, படிகம், கண்ணாடி, அட்டை, நகம், சொரசொரப்பான சில இலைகள் என்று நீளும் பட்டியல் அது. குழந்தைகளுக்கும், கத்தியைக் கண்டு அஞ்சுபவர்களுக்கும், கருவி கிடைக்காத இடத்திலும் மூங்கில் பட்டை முதலியவற்றைப் பயன்படுத்தலாம் என்கிறது. மூங்கிலின் வெளித்தோலில் சிலிக்கா நிறைந்திருப்பதால் கீற்று கூர்மையாகவே இருக்கும். ஆனால் அதன் உட்புறம் நாரும் துளையுமாக இருப்பதால் அழுக்கு ஒட்டிக்கொள்ளும். மண்பட்ட மூங்கில் கீற்றால் தொப்புள்கொடியை அறுத்ததால் பச்சிளங்குழந்தைகளுக்கு டெட்டனஸ் வந்த துயரம் பல நாடுகளில் நடந்திருக்கிறது. எலும்புக்கும் இதே குறை. கல் இருக்கும்போது இவை இரண்டாம் பட்சம்.

சிரையைத் திறப்பது

இனி அந்த வழக்கமான காட்சிக்கு வருவோம். முழங்கை மடிப்பில் தெரியும் சிரைக்குக் கீழே, மிக அருகில், கைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி ஓடுகிறது. பக்கத்திலேயே கையின் முக்கிய நரம்பு. சிரைக்கும் இவற்றுக்கும் நடுவே இருப்பது தசைநாரின் ஒரு மெல்லிய விரிப்பு மட்டுமே. ஐரோப்பாவில் ரத்தம் எடுப்பதைத் தொழிலாகச் செய்தவர்கள் அந்த விரிப்பைக் கடவுளின் கருணை என்று அழைத்தார்கள், தங்கள் கத்தி தமனியைத் தொடாமல் பலமுறை காப்பாற்றியது அதுதான் என்பதால். எப்போதும் காப்பாற்றவில்லை. தமனியும் சிரையும் சேர்ந்து துளைபட்டு ஒன்றோடொன்று திறந்துகொள்ளும் கோளாறை 1757-இல் வில்லியம் ஹண்டர் விவரித்தார். அந்தக் கோளாறு வந்ததே முழங்கையில் ரத்தம் எடுத்ததால்தான்.

எஃகுக் கத்தியோடும் பயிற்சியோடும் செய்தவர்களின் நிலை அது. கல்லை வைத்து, எதிர்ப்பு தெரியாத விளிம்போடு, அதே இடத்தில் வெட்டுவது எனக்கு ஏற்கமுடியாத தேர்வு. ரத்தம் வேகமாக வரும், அளவு விரைவில் கிடைக்கும் என்பது உண்மை. கை தவறினால் தமனி ரத்தம் பீறிடும், அதை நிறுத்தத் தையலும் கிடையாது, இழந்ததை ஈடுசெய்யவும் வழி கிடையாது.

ஆழம் தவறும் இந்தச் சிக்கலை வாயால் விளக்காமல், கருவியிலேயே தீர்த்தவர்கள் இருந்தார்கள். 1681-இல் பனாமா நிலச்சந்தியில் கூனா மக்களோடு தங்க நேர்ந்த கப்பல் மருத்துவர் லயனல் வேஃபர் ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்திருக்கிறார். தலைவர் லசென்டாவின் மனைவியரில் ஒருவருக்குக் காய்ச்சல். அவரை ஆற்றில் ஒரு கல்லின் மேல் உட்காரவைத்து, ஒருவர் சின்னஞ்சிறு வில்லால் குட்டி அம்புகளை உடம்பெங்கும் விடுகிறார். கேட்கவே கொடுமையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு அம்பிலும் நுனிக்குச் சற்றுப் பின்னால் ஒரு தடை இருந்தது, வேஃபரின் கத்தி போகும் ஆழத்துக்கு மேல் எதுவும் போகாது. ரத்தம் துளித்துளியாக வந்தது. வேஃபர், இதைவிட நல்ல வழி காட்டுகிறேன் என்று அந்தப் பெண்ணின் கையில் மரப்பட்டையைக் கட்டித் தன் கத்தியால் சிரையைத் திறந்தார். ரத்தம் ஓடையாகப் பாய்ந்ததும் லசென்டா ஈட்டியை எடுத்துவிட்டார், அவளுக்கு ஏதாவது ஆனால் உன் உயிர் இருக்காது என்று. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார், வேஃபருக்கு மரியாதையும் கிடைத்தது. இருந்தாலும் அந்த இடத்தில் சரியாகப் பயந்தவர் லசென்டாதான் என்று நான் நினைக்கிறேன்.

நியூகினியிலும் இதே மாதிரி குட்டி வில்லம்பு உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் மசாய் போன்ற மேய்ச்சல் சமூகங்கள் மாட்டின் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுக்க, நுனியை ஒட்டிக் கட்டை பொருத்திய அம்பை நெருக்கத்திலிருந்து விடுகிறார்கள். மாடு பிழைக்க வேண்டும், அடுத்த முறையும் ரத்தம் தர வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத மூன்று இடங்களில் மனிதர்கள் ஆழத்தைக் கையின் திறமைக்கு விடாமல் கருவியிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கதையில் கல்லால்தான் ரத்தம் எடுத்தாக வேண்டும் என்றால், நுனி மட்டும் வெளியே தெரியும்படி நார் சுற்றிய குட்டிக் கல்லைக் கொடுங்கள். அந்தச் சமூகம் பல தலைமுறையாகப் பட்டுத் தெரிந்துகொண்டது என்பது அந்த ஒரு விவரத்திலேயே வாசகருக்குப் புரிந்துவிடும்.

கொம்பும் குடுக்கையும்

தோலின் மேற்புறத்தை மட்டும் கீறி, ரத்தத்தை வெளியே இழுக்கும் வேலையை உறிஞ்சலிடம் விட்டால் என்ன? கொம்பு வைத்தல் அதைத்தான் செய்கிறது. மாட்டுக் கொம்பின் அகன்ற வாயைத் தோலில் வைத்து, நுனியில் போட்ட துளை வழியாகக் காற்றை உறிஞ்சி, மெழுகாலோ பிசினாலோ அடைப்பார்கள். குடுக்கை என்றால் உள்ளே சிறு தீ காட்டிக் கவிழ்ப்பார்கள், சூடான காற்று ஆறிச் சுருங்கும்போது தோல் உள்ளே இழுபடும். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் கீறல், கொம்புகட்டல், உறிஞ்சல், அட்டைவிடல், குருதிவாங்கல் எல்லாம் தனித்தனியாகவே எண்ணப்படுகின்றன. சுஸ்ருதர் வாதத்துக்குக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுக்கை என்று பிரிக்கிறார். அரபு நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் இன்றும் இது நடக்கிறது.

என் மூன்று கேள்விகளுக்கும் கொம்பு நன்றாகப் பதில் சொல்கிறது. கீறல் தோலோடு நிற்கிறது, பெரிய குழாய் எதையும் தொடுவதில்லை. கொம்பை எடுத்தவுடன் இழுப்பு நின்றுவிடும், மேலோட்டமான கீறல்கள் அழுத்தினால் உறைந்துவிடும். வந்த ரத்தம் கொம்புக்குள்ளேயே இருப்பதால் அளவும் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கடைசி விஷயத்துக்கு நான் அதிக மதிப்பெண் தருகிறேன், மற்ற எந்த வழியிலும் இவ்வளவு எளிதாக அளக்க முடியாது. குறை சுத்தத்தில் இருக்கிறது. வாயால் உறிஞ்சுபவருக்கு நோயாளியின் ரத்தமும், நோயாளிக்கு உறிஞ்சுபவரின் எச்சிலும் போய்ச்சேர வாய்ப்புண்டு. ஒரே கொம்பு பலரிடம் போனால் ஹெபடைடிஸ் போன்றவையும் கூடவே போகும். வாய் வைக்காத தீக் குடுக்கை, ஒருவருக்கு ஒரு குடுக்கை என்றால் அந்தக் குறையும் பெரிதும் குறைகிறது. தீயை அளவாகக் காட்டாவிட்டால் தோல் வெந்துபோகும், அது வேறு கவலை.

அட்டை

மருத்துவ அட்டைக்கு மூன்று தாடைகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நூறு நுண்பற்கள். கடித்தால் மூன்று கால் கொண்ட நட்சத்திரம்போல ஒரு சின்னத் தடம் விழும். அதன் உமிழ்நீரில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதை 1884-இல் ஜான் ஹேக்ராஃப்ட் கண்டறிந்தார். பின்னால் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. ஓர் அட்டை 5 முதல் 15 மில்லி வரை குடிக்கும், வயிறு நிறைந்ததும் தானே விழுந்துவிடும். பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் அது முடிந்துவிடும்.

ஆழம் போக முடியாது, அளவுக்கு மேல் குடிக்கவும் முடியாது. நான் தேடும் எல்லை இதன் உடம்பிலேயே இருக்கிறது. அரசர், குழந்தைகள், முதியவர்கள், அஞ்சுபவர்கள், மெலிந்தவர்கள், பெண்கள் ஆகியோருக்காகச் சொல்லப்பட்ட மிக மென்மையான முறை என்று சுஸ்ருதர் அட்டையைக் குறிப்பிடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கும். நஞ்சுள்ள அட்டை ஆறு வகை, நஞ்சில்லாதவை ஆறு வகை என்று பிரித்து, முன்னதைத் தொடாதே என்கிறார். ஒருமுறை பயன்படுத்திய அட்டையை ஏழு நாளைக்குள் மறுபடி விடக்கூடாது என்றும் சொல்கிறார்.

இன்றைய மருத்துவமனைகளிலும் அட்டைக்கு இடம் உண்டு. துண்டான விரலையோ காதையோ ஒட்டும்போது தமனியைத் தைத்துவிடலாம், மெல்லிய சிரைகளை இணைப்பது கடினம். ரத்தம் உள்ளே வரும், வெளியேற வழியில்லாமல் தேங்கி அந்த உறுப்பு நீலம் பாரிக்கும். புதுச் சிரைகள் முளைக்கும் சில நாட்கள்வரை அட்டை அந்த வடிகாலாக இருக்கும். 1985-இல் பாஸ்டனில் ஜோசப் அப்டன் என்ற அறுவை மருத்துவர் ஒரு சிறுவனின் ஒட்டவைத்த காதை இப்படித்தான் காப்பாற்றினார். 2004-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அட்டையை மருத்துவச் சாதனமாக அனுமதித்தது.

அட்டையிடம் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன, இரண்டும் சின்னவை அல்ல. அட்டை விழுந்த பிறகும் காயம் பல மணி நேரம், சிலசமயம் ஒரு நாள்வரை கசியும். குடித்ததைவிடக் கசிவது அதிகமாகிவிடும். பத்து அட்டை விட்டால் மொத்தம் எவ்வளவு போனது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ரத்தம் உறையாத நோய் உள்ளவருக்கு ஓர் அட்டையே ஆபத்து. இரண்டாவது, அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது, அதனால் மருத்துவமனையில் அட்டை விடும்போது கூடவே ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்கிறார்கள். கற்காலத்தில் அது கிடையாது. விடாத அட்டைக்கு உப்புத் தூவு என்று பழைய நூல் சொல்வதிலும் ஓர் அபாயம் இருக்கிறது. உப்புப் பட்டால் அட்டை வாந்தியெடுக்கும், குடலில் இருப்பது கடிவாய்க்கே திரும்பும். பிடித்து இழுக்கவும் கூடாது. பொறுமையாகக் காத்திருப்பதுதான் நல்லது. ஒருவரைக் கடித்த அட்டையை இன்னொருவரிடம் விடவே கூடாது.

இன்னும் இரண்டு

ரத்தம் குடிக்கும் பூச்சி ஒன்றை உயிரியலாளர்கள் உண்மையிலேயே ஊசியாகப் பயன்படுத்துகிறார்கள். டைபெட்டாலோகாஸ்டர் மாக்சிமா என்ற பெரிய பூச்சி, மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவு. ஜெர்மனியில் ஆலாப் பறவைகளை ஆய்ந்தவர்கள், துளையிட்ட போலி முட்டைக்குள் இந்தப் பூச்சியை வைத்துக் கூட்டில் போட்டார்கள். பறவை அடைகாக்க உட்கார்ந்தது, பூச்சி குடித்தது, பிறகு பூச்சியிடமிருந்து ரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். பறவையைப் பிடிக்கவே தேவைப்படவில்லை. ஆனால் காட்டில் இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் சாகஸ் என்ற ஒட்டுண்ணி நோயைப் பரப்புபவை. ஆய்வகத்தில் நோயில்லாமல் வளர்த்தால் மட்டுமே இது வழி, அது நம் உலகில் இல்லை.

பறவை இறகின் தண்டு உள்ளே குழலாக இருக்கும். 1650-களில் கிறிஸ்டோபர் ரென் இறகுத் தண்டையும் சிறுநீர்ப்பையையும் இணைத்து நாயின் சிரைக்குள் மருந்து செலுத்தினார். ஆக, இயற்கையில் குழாய்க்குப் பஞ்சமில்லை. தோலைத் துளைக்கும் குழாய்தான் இல்லை. இறகு உள்ளே போக வேண்டுமென்றால் முதலில் சிரையை வெட்டித் திறக்க வேண்டும், அதை நான் ஏற்கெனவே மறுத்துவிட்டேன். துளைக்கும் உள்ளீடற்ற ஊசி 1844-இல் டப்ளினில் ஃபிரான்சிஸ் ரிண்ட் செய்த பிறகுதான் வந்தது.

சுத்தம்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கைகழுவுதலும் கொதிநீரும் கருவியைவிட முக்கியம். சாம்பல் காரமும் கொழுப்பும் சேர்ந்தால் சோப்பு, அதற்கு உலோகம் தேவையில்லை. கொதிநீர் பெரும்பாலான பாக்டீரியாவைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் அதற்கு அசையமாட்டா, அவற்றுக்கு அழுத்தத்தில் 121 டிகிரி நீராவி வேண்டும். ஆகவே மண்ணும் சாணமும் படாத கருவியைத் தேர்ந்தெடுப்பதுதான் டெட்டனஸுக்கு எதிரான ஒரே நடைமுறை வழி. ரத்தம் நிற்கச் சாணம் அப்புவதும் மண் பூசுவதும் பல இடங்களில் வழக்கம். கதையில் வந்தால் அதன் விளைவும் கதையில் வர வேண்டும். நிறுத்துவதற்குச் சுத்தமான எதையாவது வைத்து, அவசரப்படாமல் அழுத்திப் பிடிப்பதற்கு மேல் வேறு எதுவும் தேவையில்லை.

என் தேர்வு

துளிகளுக்குக் கொதிக்கவைத்த முள், அல்லது அப்போது தட்டிய கல்லின் நுனி. ஓரிடத்தில் தேங்கிய ரத்தத்துக்கு அட்டை, தொற்று அபாயத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு. அந்த வேலையில் அதற்கு இணை எதுவும் இல்லை.

அரை லிட்டர் தேவைப்படுபவர்தான் கடினமான கேள்வி. ஹீமோகுரோமடோசிஸ் உள்ளவருக்கு இன்று தொடக்கத்தில் வாரம் ஒருமுறை அரை லிட்டர்வரை எடுக்கிறார்கள். சிரையைத் தொடாமல் அது முடியாது. ஆனால் ஒரே தடவையில் எடுத்தாக வேண்டுமா? நல்ல உடம்பு உணவிலிருந்து நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பைத்தான் எடுக்கும், இந்த நோயில் அது சில மடங்கு கூடும். 50 மில்லி ரத்தத்தில் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தீக் குடுக்கையும் மேலோட்டமான கீறலுமாக வாரம் 50 மில்லி எடுத்தால், ஏற்கெனவே சேர்ந்ததைக் கரைக்க முடியாது, புதிதாகச் சேர்வதைப் பெருமளவு மட்டுப்படுத்தலாம். மாதவிடாய் உள்ள பெண்களிடம் இந்த நோய் பெரும்பாலும் ஆண்களைவிடப் பல ஆண்டுகள் தாமதித்துத்தான் தலைகாட்டுகிறது, சிறு அளவில் தொடர்ந்து வெளியேறும் ரத்தமே அதற்கு முக்கியக் காரணம். அதனால் அந்த நோயாளிக்கும் நான் கல்லைக் கொடுக்கமாட்டேன். இளம்வயதிலேயே தொடங்கி, ஒவ்வொரு வாரமும் வேறு வேறு இடத்தில், அளவு குறித்த குடுக்கையை வைப்பேன். முகம் வெளுத்து மூச்சு வாங்கத் தொடங்கினால் பல வாரங்களுக்கு நிறுத்திவைப்பேன்.